ஸ்கேனர் விழுங்கிய வானம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். உங்கள் தளத்தை மூன்று வருடமாக வாசிக்கிறேன். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம், வேலை மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் படம் வரைவேன். எங்கள் ஊர் ஐயனார் கோயிலில் வரிசையாக நிற்கும் மண்குதிரைகளை ஒரு வருடமாக வரைந்துகொண்டிருக்கிறேன். ஏ3 தாள், தொட்டு வரையும் நிப், இண்டியன் இங்க், அதன்மேல் வாட்டர்கலர். இதுவரை 22 படம் ஆகியிருக்கிறது.

ஒரு சிறிய பதிப்பகம் இதைப் புத்தகமாகப் போடலாம், ஸ்கேன் செய்து அனுப்புங்கள் என்றது. தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. வீட்டு ஸ்கேனரில் ஏ4தான் கொள்ளும். இரண்டு பாதியாக எடுத்து ஒட்டினால் குதிரையின் கழுத்து ஒடிந்த மாதிரி நடுவில் ஒரு தடம் தெரிகிறது. சாயங்கால வானத்துக்காக மிக லேசாக மஞ்சளும் ரோஸும் பூசியிருந்தேன். ஸ்கேனில் அந்த வானமே இல்லை. 'ஆட்டோ'வை எடுத்துவிட்டால் வானம் வருகிறது, கூடவே தாள் முழுக்க அழுக்குச் சாம்பலும் வருகிறது. கோடுகள் கரியில் வரைந்ததுபோல் தடித்துவிடுகின்றன. ஒரு படத்தைச் சரிசெய்ய ஒரு ஞாயிறு போகிறது.

டேப்லெட்டில் வரையும் நண்பன் சிரிக்கிறான். நானும் அதற்கே போய்விடலாமா அக்கா? கையால் வரைவதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, இல்லை பழகிவிட்டோம் என்று பிடித்துக்கொண்டிருக்கிறோமா?

அன்புடன்,
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
மதுரை

*

அன்புள்ள தம்பி,

நீங்கள் அனுப்பிய மூன்று ஸ்கேன்களையும், அதே படங்களை ஜன்னலோரம் வைத்துப் போனில் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டேப்லெட் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் வானம்.

உங்கள் தாள் வெள்ளை இல்லை. கார்ட்ரிட்ஜ் என்று விற்கும் வரைதாள் பெரும்பாலும் சுத்த வெள்ளை இல்லை. நம்ப முடியாவிட்டால் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டைப் பக்கத்தில் வையுங்கள், தாள் சோறு வடித்த கஞ்சி நிறத்தில் தெரியும். நம் கண்தான் 'இது காகிதம், ஆகவே வெள்ளை' என்று முடிவு செய்துகொண்டு, அதற்கு மேலே இருக்கும் லேசான மஞ்சளைத் தனியாகப் பிரித்துப் பார்க்கிறது. ஸ்கேனருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255 என்ற கணக்கில் தாள் 235 என்றால் உங்கள் வானம் 226 என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஆட்டோ' என்ன செய்யும்? இருப்பதிலேயே வெளிச்சமான இடத்தைப் பிடித்து 255க்கு ஏற்றும். அதை ஒட்டியிருக்கும் எல்லாவற்றையும் தாளில் படிந்த அழுக்கு என்று நினைத்துச் சேர்த்துத் துடைத்துவிடும். அந்த மெஷினைத் திட்டிப் பயனில்லை. ரேஷன் கார்டையும் மதிப்பெண் சான்றிதழையும் பளிச்சென்று காட்டுவதற்காகச் செய்தது. மதிப்பெண் சான்றிதழில் வானம் கிடையாது.

ஆகவே ஆட்டோவை எடுத்துவிட்டு, அழுக்காகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று அப்படியே எடுங்கள். பிறகு படம் திருத்தும் மென்பொருளில் 'லெவல்ஸ்' என்ற இடத்தில் வெள்ளை முனையைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். வானம் வெளிறத் தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். தாள் இன்னும் சற்று மங்கலாகத்தான் இருக்கும். இருக்கட்டும். தாளைச் சுத்த வெள்ளையாக்கியே தீருவேன் என்ற ஆசைதான் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்கிறது.

அப்புறம், பதிப்பகத்தாரிடம் எந்தத் தாளில் அச்சிடப்போகிறார்கள் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. நம்மூர்ப் புத்தகங்கள் பெரும்பாலும் நேச்சுரல் ஷேட் மேப்லித்தோ என்ற தாளில் வருகின்றன. அதுவே மஞ்சள். உங்கள் வானத்தின் லேசான மஞ்சளை, அச்சில் மூன்று, நாலு சதவீதப் புள்ளியாக, அதன்மேல் வைத்தால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. ஸ்கேனரிடமிருந்து நீங்கள் மீட்டுவந்த வானத்தை அச்சு இயந்திரம் மறுபடி விழுங்கிவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த வார இதழில், பிளாக் காலத்திலிருந்து வரைந்துவந்த பெரியவர் ஒருவர் இருந்தார். அப்போது ஆப்செட் அச்சு வந்துவிட்டது, ஆனால் அவர் கை மாறவில்லை. பிளாக் என்றால் என்னவென்று உங்கள் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். படத்தைப் பெரிய கேமராவில் நெகட்டிவ் எடுத்து, அதைத் துத்தநாகத் தகட்டில் பதித்து, அமிலத்தில் போடுவார்கள். கோடு இல்லாத இடமெல்லாம் அரித்துப் பள்ளமாகும், கோடு மட்டும் மேடாக நிற்கும். அந்தத் தகட்டை மரக்கட்டையில் அடித்து எழுத்துகளோடு சேர்த்து அச்சடிப்பார்கள். மேடு, பள்ளம் இரண்டுதான். நடுவில் சாம்பல் என்று ஒன்று கிடையாது. சாம்பல் வேண்டுமென்றால் படத்தைச் சிறு புள்ளிகளாக உடைக்கும் ஹாஃப்டோன் பிளாக் போட வேண்டும். நியூஸ்பிரிண்ட் தாளுக்கு அது அங்குலத்துக்கு 65, 85 புள்ளி வரிசை என்ற அளவில் கொரகொரவென்று இருக்கும், செலவும் அதிகம். அதனால் ஓவியர்கள் சாம்பலைக் கோட்டாலேயே உண்டாக்கினார்கள். கோபுலுவின் பேனாப் படங்களை எடுத்துப் பாருங்கள், நிழல் வேண்டிய இடத்தில் கோட்டை நெருக்கியிருப்பார். எழுபதுகளின் சிறுபத்திரிகைகள் எவ்வளவு மட்டமான தாளில் வந்தன! அதிலும் ஓவியர் ஆதிமூலத்தின் கோடு உயிரோடு நிற்கிறது. தாங்கும் கோடு அது.

எங்கள் பெரியவர் இளநீலப் பென்சிலில்தான் ஸ்கெட்ச் போடுவார். கேமராவில் போடும் ஆர்த்தோ பிலிமுக்கு இளநீலமும் வெள்ளைத்தாளும் ஒன்றுதான், அழிக்கவே வேண்டாம். சிவப்பு அதற்குக் கறுப்பு. பிலிம் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பது அவருக்குத் தன் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி தெரியும். அச்சில் வரவேண்டிய அளவைப்போல் ஒன்றரை மடங்கு பெரிதாக வரைவார். பிளாக்கில் சுருங்கும்போது கை நடுக்கமும் சேர்ந்து சுருங்கிவிடும். முடித்ததும் சுவரில் சாத்திவைத்துப் பத்தடி தள்ளிப்போய் நின்று பார்ப்பார். அங்கிருந்து தெரியாத கோட்டை வந்து தடிக்க வைப்பார், இல்லையென்றால் பிளேடால் சுரண்டிவிடுவார். அசல் படத்தைப் பார்த்தால் முரட்டுத்தனமாக இருக்கும். மையின் ஓரங்களில் வெள்ளை போஸ்டர் கலர் திட்டுத் திட்டாக இருக்கும். அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. அவருடைய படம் என்பது வியாழக்கிழமை இதழோடு கடையில் தொங்கியதுதான்.

நீங்கள் நேர் எதிரான வேலை செய்கிறீர்கள். மேஜை விளக்கு வெளிச்சத்தில் உங்கள் ஒரு ஜோடிக் கண்ணுக்காக வரைந்துவிட்டு, அதை இயந்திரம் அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்கிறீர்கள். தப்பு என்று சொல்லவில்லை. நானும் அப்படித்தான் வரைகிறேன். ஆனால் அப்படி வரைந்தால் அசல் ஒன்று, புத்தகம் இன்னொன்று என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.

கோடு தடிப்பதற்கும் இதோடு சம்பந்தம் உண்டு. பெரியவரின் படத்தை வாசகர் பார்த்தது அசலைவிடச் சின்னதாக. உங்கள் படத்தை நீங்கள் திரையில் இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்க்கிறீர்கள். அவ்வளவு பெரிதாக்கினால் எந்த நிப்பின் கோடும் கயிறுதான். புத்தகத்தில் வரும் அளவுக்குச் சுருக்கி ஒரு பிரிண்ட் எடுத்துப் பாருங்கள், பாதிக் கவலை போய்விடும். மீதிப் பாதி நிஜம். முதல் இரண்டு படங்களில் அசலிலேயே மை பொசிந்திருக்கிறது. மழைக்காலத்தில் வரைந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தாள் ஈரம் குடித்திருந்தால் மை நாருக்குள் ஓடும். வரைவதற்கு முன்னால் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

சரி, ஒடிந்த கழுத்து. உங்கள் ஸ்கேனில் தாளின் சொரசொரப்பு மேல் பாதியில் ஒரு பக்கமும் கீழ்ப் பாதியில் எதிர்ப்பக்கமும் நிழல் விழுந்தமாதிரி இருக்கிறது. அப்படியென்றால் இரண்டாவது பாதிக்குத் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கிறீர்கள். ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்துதான் அடிக்கும். திருப்பினால் மேடெல்லாம் பள்ளம் மாதிரி தெரியும், எப்படி ஒட்டினாலும் தடம் காட்டிக்கொடுத்துவிடும். மூடியைக் கழற்றிவிட்டு, திருப்பாமல், தாளை அப்படியே நகர்த்தி எடுங்கள். இரண்டும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று விழட்டும்.

இன்னொன்று, உங்களிடம் இருப்பது பிரிண்டரோடு வரும் சி.ஐ.எஸ். வகை ஸ்கேனராகத்தான் இருக்கும். அதன் கண் கண்ணாடியை ஒட்டியே ஓடுகிறது. தாள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எழும்பினாலே மங்கிவிடும். ஏ3 தாள் அந்தச் சட்டத்தின் விளிம்பில் ஏறி உட்காரும்போது எழும்பாமல் என்ன செய்யும்? வாட்டர்கலர் பட்ட தாள் அப்பளம்போல் நெளிந்து வேறு இருக்கிறது. தாளின் முதுகில் பஞ்சால் லேசாக ஈரம் ஒற்றி, இரண்டு சுத்தமான தாளுக்கு நடுவில் வைத்து, ராத்திரி முழுக்கக் கனமான புத்தகங்களை ஏற்றிவையுங்கள். இண்டியன் இங்க் கரையாது, வாட்டர்கலர் கரையும். அதனால் ஒற்றுவதோடு நிறுத்துங்கள், தேய்க்கவேண்டாம். படத்தின் பின்பக்கம் பென்சிலில் ஏதோ எழுதியிருக்கிறீர்கள், அதுவும் குதிரையின் வயிற்றில் நிழலாகத் தெரிகிறது. பின்னால் ஒரு கறுப்புச் சார்ட் வைத்தால் போய்விடும்.

கடையில் கொடுத்து எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கலாம், ஆனால் கூடவே நின்றுகொள்ளுங்கள். ஒருமுறை ஒரு கடையில் ஆறு படங்களைக் கொடுத்துவிட்டு, எதிரே டீ குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது கடைப் பையன் அவற்றை ஒரு கட்டாகத் தட்டிச் சேர்த்து மெஷினின் மேலே இருக்கும் ஃபீடரில் செருகியிருந்தான், பரீட்சைக்கு நோட்ஸ் போடுகிற மாதிரி. முதல் தாள் உருளைக்குள் போகும்போது 'கரக்' என்று ஒரு சத்தம். சாலையோரப் பூக்காரி ஒருத்தியின் படம் அது. வெளியே வந்தபோது நெற்றியிலிருந்து கூடைவரை உருளையின் தடம் இரண்டு பட்டையாக ஓடியிருந்தது. "ஸ்கேன் நல்லா வந்திருக்கு மேடம்" என்றான். நல்லாத்தான் வந்திருந்தது, பட்டை உட்பட.

என் பங்குக்கு நானும் குறைந்தவள் இல்லை. கண்ணாடியைத் துடைக்காமல் ஸ்கேன் எடுத்து, என் தலைமுடி ஒன்று படத்தோடு அச்சாகிவிட்டது. கதையில் வரும் பாட்டியின் கையிலிருந்து வானத்துக்கு அழகாக வளைந்து போனது. 'அந்தப் பட்டத்தின் நூல் எவ்வளவு நுட்பம்' என்று ஒரு வாசகர் கடிதம் போட்டார். கதையில் பட்டமே கிடையாது.

இனி உங்கள் கேள்வி. நான் டேப்லெட்டிலும் வரைகிறேன். மருத்துவத் தொடர் ஒன்றுக்கு மாதம் நாலு படம், எல்லாம் டேப்லெட்தான். ராத்திரி பத்து மணிக்கு 'டாக்டர் கண்ணாடி போடமாட்டார், எடுத்துவிடுங்கள்' என்று போன் வரும் வேலைக்கு மையும் நிப்பும் சரிப்படாது. கையால் வரைந்தால் புனிதம் என்றெல்லாம் உங்களிடம் கதை விடப்போவதில்லை. மை கொட்டும், தாள் விலை ஏறும், நல்ல நிப் கிடைக்கக் கடை கடையாக அலைய வேண்டும்.

ஆனால் நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில், வலது ஓரக் குதிரையின் முன்னங்காலில் ஒரு மைத்துளி விழுந்திருக்கிறது. பிளேடால் சுரண்டப் பார்த்திருக்கிறீர்கள். சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து மழுக்காமல் மறுபடி மை வைத்ததால் தாள் பஞ்சாகி, கறை பூனைக்குட்டி அளவுக்குப் பரவியிருக்கிறது. அப்புறம் மனசு விட்டுப்போய், அந்தக் கறையைச் சுற்றி நாலு கோடு போட்டு, காலில் சுண்ணாம்பு பெயர்ந்து உள்ளே மண் தெரிவதாக ஆக்கியிருக்கிறீர்கள். 22 படமும் எனக்குத் தெரியாது, பார்த்த மூன்றில் பழைய குதிரை அந்த ஒன்றுதான். மற்றவை நேற்றுச் செய்தவை மாதிரி இருக்கின்றன. டேப்லெட்டில் அந்தத் துளி விழுந்திருந்தால் அழித்திருப்பீர்கள். நானும் அழித்திருப்பேன்.

அதனால் இந்தக் குதிரை வரிசையை மையிலேயே முடியுங்கள். அடுத்த வேலையை எதில் செய்வது என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மூன்றாவது படத்தை மட்டும் 600 டிபிஐயில் எடுத்து டிஃப் (TIFF) கோப்பாக வையுங்கள், இரண்டு பாதியும் சேர்ந்தால் ஏறக்குறைய 200 எம்பி வரும், பயப்படாதீர்கள். ஜேபெக்கில் (JPEG) வைத்துத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு சேமிப்புக்கும் வானம் கொஞ்சம் கட்டம் கட்டமாகும். அந்த ஒரு பக்கத்தை மட்டும், புத்தகத்துக்கு வாங்கப்போகும் அதே தாளில் ஒரு ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு, போட்டுத் தரச்சொல்லிப் பதிப்பகத்தாரிடம் கேளுங்கள். முனகுவார்கள், விடாதீர்கள். அதில் வானம் தெரிந்தால் மற்ற 21ஐயும் அதே கணக்கில் எடுக்கலாம். தெரியாவிட்டால் தாளை மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த குதிரைக்கு வானத்தை இன்னும் துணிந்து பூசுங்கள்.

ப்ரூஃப் வந்ததும் எனக்கும் ஒன்று அனுப்புங்கள். ஸ்கேன் செய்து மெயிலில் போடாதீர்கள், தம்பி. இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துத் தபாலில் அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா