லாஜிக் தேர்வில் தேறியவர்கள் குழுவில் திணறுகிறார்கள் என்றால்

வணக்கம். ஆளுக்கொரு ஊரில் இருந்து வேலை பார்க்கப்போகும் சப்போர்ட் டீமுக்குப் பயிற்சி கொடுக்கிறீர்கள், லாஜிக் தேர்வில் நல்ல மார்க் வாங்கியவர்களே குழு வேலையில் திணறுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தேர்வு தனியாளின் திறமையை மட்டும்தான் அளக்கிறது.

ஸ்டாசர், டைட்டஸ் என்ற உளவியலாளர்கள் 1985-இல் காட்டியது இது: குழுக்கள் எல்லோருக்கும் தெரிந்ததையே பேசிக்கொண்டிருக்கும், ஒருவருக்கு மட்டும் தெரிந்தது வெளியே வராமலே போய்விடும். உங்கள் பயிற்சியை இதை வைத்தே அமையுங்கள். ஒரு கோளாறை எடுத்துக்கொண்டு, சர்வர் லாகை (சர்வர் தானே எழுதி வைக்கும் பதிவை) ஒருவரிடமும், வாடிக்கையாளரின் புகாரை இன்னொருவரிடமும், நேற்று மாற்றிய புரோகிராம் கோடை (code) மூன்றாமவரிடமும் கொடுங்கள். மூன்றும் சேர்ந்தால்தான் விடை வரவேண்டும். சாட் மட்டும், போன் கூடாது.

அப்புறம் சாட்டை நிதானமாகப் படியுங்கள். "சர்வர் ஸ்லோ" என்று போடுவது ஒன்றுக்கும் உதவாது. "10:40-க்குப் பிறகு லாகின் மட்டும் தாமதம். நேற்று அந்தப் பகுதியில் யாராவது கை வைத்தீர்களா?" என்று கேட்டவருக்கு, விடை கிடைக்காவிட்டாலும் மார்க் போடுங்கள். நிறைய மெசேஜ் போட்டதற்கோ சரளமான ஆங்கிலத்துக்கோ போடவே வேண்டாம்.

பாதியில் ஒருவரை எடுத்துவிட்டுப் புதியவரை உள்ளே விடுங்கள். எழுதி வைத்ததை மட்டும் வைத்து அவரால் தொடர முடிகிறதா என்று பார்த்தால் பல விஷயம் தெரியும்.

யாரோடு சேர்கிறார் என்பதைப் பொறுத்தும் மார்க் மாறும். பல நாட்டு மாணவர்கள் எழுதும் பீசா (PISA) தேர்வில், 2015-இல், மாணவர்களை மனிதர்களுக்குப் பதிலாகக் கணினியே நடிக்கும் கூட்டாளிகளோடு பேச வைத்தார்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி கூட்டாளி கிடைக்க. நமக்கு அது கட்டுப்படியாகாது. சரி, குழுவை இரண்டு மூன்று தடவை கலைத்துப் போட்டுப் பாருங்கள்.