விதையா, வானொலியா?

கேள்வி: பேரன் வேளாண்மை டிப்ளமோ படிக்கிறான். விதை தூவுவதற்கு 'பிராட்காஸ்டிங்' என்று அவன் புத்தகத்தில் போட்டிருக்கிறது. ரேடியோவுக்குச் சொல்கிற வார்த்தையை வயலுக்கு ஏன் கொண்டுவந்தார்கள்?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: வயலில் இருந்துதான் ஐயா அது ரேடியோவுக்கே போனது. விதையை அள்ளி வீசித் தெளிப்பதை இங்கிலீஷ்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டிலேயே அப்படித்தான் சொன்னார்கள். 1920களில் வானொலி பரவியபோது அதற்கும் அதே பேர் நிலைத்துவிட்டது. உங்கள் பக்கம் மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வரட்டும் என்று காத்திராமல், புழுதி உழவு ஓட்டி சம்பாவுக்கு நேரடியாகத் தெளிக்கிறார்களே, அதேதான். நடவு நடுகிற அம்மாவுக்கு ஒவ்வொரு நாற்றும் எங்கே ஊன்றியது என்று தெரியும், தெளிக்கிறவரோ கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வலது கையால் வீசிக்கொண்டே நடப்பார், எந்த நெல் எங்கே விழுகிறது என்று அவருக்குத் தெரியாது. போனில் பேசினால் எதிர்முனையில் இன்னார் என்று தெரியும், ரேடியோவில் பேசுகிறவருக்கு அது தெரியாது. அந்த ஒற்றுமைதான் பெயரை ஒட்டவைத்தது.

இன்னொன்றையும் பேரனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம், 1960களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால ரகத்தைப் பற்றிப் பண்ணை நிகழ்ச்சிகளில் எடுத்துச் சொல்லி, அன்றைய தஞ்சை மாவட்டம் (உங்கள் ஊரும் அப்போது அதில்தான்) முழுக்க அந்த நெல் பரவியது. கேட்டவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். விதை பரப்பின ரேடியோ! உங்கள் தெருவில் வயதானவர்கள் யாராவது இருந்தால் விசாரித்துப் பாருங்கள், குறுவைக்கு அதைப் போட்ட கதை கிடைக்கும்.

கேள்வி: கோயில் தேரோட்டத்தை யூடியூபில் காட்டுகிறோம். நோட்டீஸில் 'நேரடி ஒலிபரப்பு' என்று அச்சடித்துவிட்டார்கள், சரியா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: படம் தெரிகிறதால் ஒளிபரப்பு, பெரிய ளகரம். ஒலிபரப்பு என்றால் குரல் மட்டும், ரேடியோ மாதிரி. நோட்டீஸில் இடம் குறைவு என்றால் 'நேரலை' என்றே போடுங்கள், எல்லாருக்கும் புரியும். ஆனால் தேர் நிலைக்கு வந்த மறுநாள் வீடியோவைப் போடுகிறீர்கள் என்றால் அதை நேரலை என்று சொல்லாதீர்கள், அது வெறும் பதிவேற்றம். வெளியூரில் இருந்து தேர் பார்க்கக் காத்திருக்கிறவர்களை ஏமாற்றக் கூடாது இல்லையா.