குழந்தை வரப்போகிறது, ஜூலியை என்ன செய்வது?

வணக்கம் மேடம்,

எனக்கு இது ஏழாவது மாதம். வீட்டில் இரண்டு நாய்கள். டாமிக்கு 9 வயது, அவனைப் பற்றிக் கவலையில்லை, வைத்ததைத் தின்றுவிட்டு வாசலில் படுத்துக்கொள்வான். ஜூலியை நினைத்தால்தான் பயம். 3 வயது, குட்டியிலிருந்து நான் வளர்த்தவள், ராத்திரி என் கால்மாட்டில்தான் தூங்குவாள். ஐந்தாம் மாதத்தில் எல்லோரும் சொல்கிறார்களே என்று அவளைப் படுக்கையறைக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்த ஆரம்பித்தோம். ஒரு வாரம் பிறாண்டினாள், அப்புறம் சத்தமே இல்லை, பழகிவிட்டாள் என்று நினைத்தேன். போன வாரம் குழந்தைக்கு வாங்கிய சின்ன மெத்தையைப் பிரித்து வைத்தோம், அதில் ஏறி மூத்திரம் போய்விட்டாள். கணவர் காதைப் பிடித்து வெளியே இழுத்தபோது உறுமினாள். இதுவரை அவள் யாரிடமும் உறுமியதில்லை.

அன்றே மாமியார் சொல்லிவிட்டார், குழந்தை வருவதற்குள் யாரிடமாவது கொடுத்துவிடு என்று. கணவர் வாயே திறக்கவில்லை. ஜூலி குழந்தையைக் கடிக்கிற மாதிரி எனக்குக் கனவு வருகிறது. விழித்துப் பார்த்தால் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சுவிடுவது கேட்கிறது. பிள்ளையைவிட நாய் பெரிதா என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை. நான் நல்ல அம்மாவாக இருப்பேனா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தக் கதவைப் பற்றிய வரியைத்தான். 3 வருடம் உங்கள் கால்மாட்டில் தூங்கியவளுக்கு ஒரு நாள் கதவு சாத்தப்பட்டது, ஏன் என்று அவளுக்குப் புரியவைக்க வழியில்லை. பிறாண்டல் நின்றதால் மனசு ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது, பிறாண்டிப் பயனில்லை என்று தெரிந்ததும் நாய்கள் அடங்கிப்போவது உண்டு. மெத்தையில் செய்ததும் பழிவாங்கல் இல்லை. பதற்றத்தில் இருக்கும் நாய் புது வாசனை அடிக்கும் பொருளின்மேல் தன் வாசனையை விடும். ஆனாலும் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். ரேபிஸ் தடுப்பூசி, குடற்புழு மருந்து இரண்டையும் டாமிக்கும் சேர்த்து முடித்துவிடுங்கள்.

உறுமலுக்கு வருகிறேன். காதைப் பிடித்து இழுத்தும் அவள் கடிக்கவில்லை, 'விடு' என்று சொல்லியிருக்கிறாள். அதற்காக அவளை அதட்டவோ அடிக்கவோ கூடாது, உறுமக் கூடாது என்று அடக்கி வைத்த நாய் ஒரு நாள் உறுமாமலே கடித்துவிடும். உறுமலுக்கு முன்பே அது பேசத் தொடங்கிவிடுகிறது: தூக்கம் வராமலே கொட்டாவி, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணோரத்தில் வெள்ளை தெரிவது, உடம்பு விறைத்து அப்படியே நின்றுவிடுவது. இதை நீங்கள் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது, கணவருக்கும் மாமியாருக்கும் தெரிந்தாக வேண்டும்.

இன்னும் 2 மாதம் இருக்கிறது, நல்ல அவகாசம். கதவைச் சாத்துவதற்குப் பதிலாக அந்த இடத்தில் ஒரு தடுப்பு கேட் போட்டு, அதை ஒட்டியே அவள் படுக்கையை வையுங்கள், உள்ளே வர முடியாவிட்டாலும் உங்களைப் பார்த்துக்கொண்டே தூங்குவாள். சாப்பாடு, நடை நேரமெல்லாம் குழந்தை வந்தபின் எப்படி மாறுமோ அப்படி இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், முடிந்தால் நடத்திக் கூட்டிப்போவதைக் கணவர் எடுத்துக்கொள்ளட்டும். குழந்தை அழும் சத்தத்தை போனில் மிகச் சின்னதாக வைத்து, அது கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பிடித்ததைக் கொடுங்கள். அவள் காதை நிமிர்த்தாமல் இருந்தால் மட்டும் அடுத்த நாள் சத்தத்தை ஒரு படி கூட்டலாம்.

பிரசவம் ஆனதும் குழந்தையைச் சுற்றிய துணி ஒன்றைக் கணவர் முன்னாடியே வீட்டுக்குக் கொண்டுவந்து, எட்ட நின்று அவளை மோப்பம் பிடிக்க விடட்டும். நீங்கள் வரும் அன்று குழந்தையை வேறொருவர் வைத்திருக்க, வெறும் கையோடு முதலில் ஜூலியிடம் போங்கள், அத்தனை நாள் காணாத உங்களைப் பார்த்ததும் அவள் தாவுவாள், அது அடங்கட்டும். அப்புறம் வாரைக் கையில் பிடித்துக்கொண்டு, தள்ளி இருந்து, சில நிமிடம் மட்டும் குழந்தையைக் காட்டினால் போதும்.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று உண்டு. குழந்தை தூங்கும்போது மட்டும் நாயைக் கொஞ்சுவார்கள், எழுந்ததும் 'போ வெளியே' என்பார்கள். குழந்தை விழித்தாலே தனக்கு ஆள் இல்லை என்றுதான் நாய் கற்றுக்கொள்கிறது. நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள், குழந்தை மடியில் இருக்கும்போதுதான் கணவர் கையால் ஜூலிக்கு நல்லது கிடைக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும், டாமி உட்பட, குழந்தையோடு ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது. பால் கலக்க எழுந்தாலும் குழந்தையையோ நாயையோ கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். குழந்தை தவழத் தொடங்கும்போது இன்னும் கவனம் தேவை, வாலைப் பிடிக்கும், தட்டில் கை வைக்கும், அதனால் குழந்தை போக முடியாத ஒரு மூலை நாய்களுக்கு இருக்க வேண்டும்.

கனவைப் பற்றிக் கேட்டீர்கள். கர்ப்ப காலத்தில் பிள்ளைக்கு ஏதோ ஆகிற மாதிரி கனவு நிறைய பேருக்கு வருகிறது, அது ஜோசியம் இல்லை. தூக்கமே இல்லாமல் போனால் உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். பிள்ளையா நாயா என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை, அந்தக் கேள்வியே இப்போது உங்கள் முன் இல்லை. இத்தனையும் செய்தபின் அவள் குழந்தையைப் பார்த்து விறைத்து நின்றாலோ பாய்ந்தாலோ, உடனே இருவரையும் பிரித்து வைத்து, நாய்களின் நடத்தை தெரிந்த மருத்துவரைப் பாருங்கள். அப்போது அவளை அன்பாக வைத்துக்கொள்ளும் ஒரு வீட்டில் விட வேண்டி வந்தாலும் அது துரோகம் ஆகாது. அதை மாமியாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அவர் பயப்படுவது பேரக்குழந்தைக்காக, உங்கள்மேல் கோபம் இல்லை. கணவரின் மௌனத்துக்கு நீங்களே அர்த்தம் வைக்காமல், என்ன நினைக்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள்.

கேட் வாங்கிப் பொருத்த இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதுவரை ராத்திரி படுக்கப்போகும் முன், அந்தக் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு அவளோடு பத்து நிமிடம் உட்காருங்கள்.