ரெண்டு ரூபாய் வட்டியும் பத்தரை சதவீதமும்

அண்ணே, வணக்கம்.

சனிக்கிழமை நீங்களும் பாப்பாவும் வந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்கு அதே யோசனைதான். கலந்தாய்வில் நல்ல கல்லூரியும் கேட்ட பாடப்பிரிவும் கிடைத்திருக்கிறது. விடுதியையும் சேர்த்து வருஷத்துக்கு ஒரு லட்சம், நாலு வருஷத்துக்கு நாலு லட்சம். அதற்கு நீங்கள் சொன்னீர்கள்: "பேங்க்ல படிப்புக் கடனுக்குப் பத்தரை வட்டி கேக்குறாய்ங்க. மச்சினன் ரெண்டு வட்டிக்கு வாங்கித் தர்றேங்கிறான். நான் எதுக்கு பேங்க் வாசல்ல போய் நிக்கணும்?" அடுத்த குடும்பம் வாசலில் காத்திருந்ததால் அன்றைக்கு முழுசாகப் பேச முடியவில்லை. தயவுசெய்து இதைப் படித்துவிட்டு மச்சினனுக்குப் பதில் சொல்லுங்கள்.

ஊரில் 'ரெண்டு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாசம் ரெண்டு ரூபாய். வங்கி சொல்லும் பத்தரை, நூறு ரூபாய்க்கு ஒரு வருஷத்துக்கு. ஊர் வட்டியைப் பன்னிரண்டால் பெருக்குங்கள்: 24 சதவீதம். வங்கி வட்டியைப் பன்னிரண்டால் வகுங்கள்: எண்பத்தேழரைப் பைசா. என் அப்பா கீழமாசி வீதியில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதியவர். யார் எந்த வட்டியைச் சொன்னாலும் முதலில் அதை மாசத்துக்கு எத்தனை பைசா என்று மாற்றிக்கொண்டுதான் மேற்கொண்டு பேசுவார். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான். சதவீதம் என்று எழுதியிருந்தால் மாசத்துக்கா வருஷத்துக்கா என்று கேட்கத் தெரிந்த பிள்ளையை ஏமாற்றுவது கஷ்டம்.

மச்சினன் வழியாக வருஷம் ஒரு லட்சம் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷம் மாசம் 2,000 வட்டி. ரெண்டாம் வருஷம் 4,000, மூணாம் வருஷம் 6,000, நாலாம் வருஷம் 8,000. பாப்பா படிப்பை முடித்து வேலை தேடும் ஐந்தாம் வருஷமும் அதே 8,000. கூட்டினால் 3,36,000 ரூபாய். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிப்பூ விலை ஏறும், ஒரே நாளில் படுத்தும்விடும். இந்த 8,000 மட்டும் இறங்காது. அத்தனையும் கட்டிய பிறகும் அசல் நாலு லட்சம் அப்படியே நிற்கும். எனக்குப் பயமே இந்த இடத்தில்தான். மூணாம் வருஷத்தில் வட்டி கட்ட முடியாமல், நல்லாப் படிக்கிற பிள்ளையை நிறுத்திவிடலாமா என்று என்னிடம் வந்து கேட்ட பெற்றோர் இருக்கிறார்கள்.

வங்கியில் எப்படி என்றால், வருஷா வருஷம் கட்டணத்தைக் கல்லூரிக்கே அனுப்புவார்கள். அனுப்பிய தொகைக்கு மட்டும்தான் வட்டி ஓடும். படிக்கிற காலமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கேட்க மாட்டார்கள். படிவத்தில் 'மாரட்டோரியம்' என்று இருப்பது இந்தத் தவணை விடுப்பைத்தான். அதுவரை ஓடுவது தனி வட்டி, வட்டிக்கு வட்டி கிடையாது. அதே நாலு லட்சத்துக்கு அதே ஐந்து வருஷத்தில் 1,47,000 ரூபாய் சேரும். தவணை தொடங்கும்போது இந்த வட்டியும் அசலோடு சேர்ந்து 5,47,000 ஆகிவிடும். பத்து வருஷத்தில் அடைக்க மாசத் தவணை ஏறக்குறைய 7,400. பதினைந்து வருஷமாக நீட்டினால் தவணை 6,050 பக்கம் குறையும். ஆனால் மொத்தத்தில் ரெண்டு லட்சம் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். தவணை சின்னதாகத் தெரிவதற்காகக் காலத்தை நீட்டாதீர்கள். பத்தரை என்பதும் நிலையானது இல்லை, வங்கி வட்டி மாறும்போது கூடும், குறையும்.

குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் அல்லது என்பிஏ என்ற தர மதிப்பீட்டு அமைப்பின் அங்கீகாரமும் இருந்தால், தவணை விடுப்புக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டம் ஒன்று இருக்கிறது. உங்கள் வருமானத்துக்கு இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். தாசில்தார் வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். உங்கள் வீட்டில் பாப்பாதான் முதல் பட்டதாரி என்பதால் அந்தச் சான்றிதழையும் கல்லூரியில் கொடுங்கள், கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்கு வராது, அவள் படித்தது உதவிபெறும் பள்ளி. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் வரும்.

இந்த ஆயிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் வருஷக் கடனுக்கு மாச வட்டி 875 ரூபாய்தான். தவணை விடுப்பிலும் வட்டியை மட்டும் கட்டிவரலாம். அப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கும் வங்கிகளும் உண்டு. மானியம் கிடைக்காமல் போனால் இதை யோசியுங்கள். முடிவை மட்டும் பாப்பாவிடம் விடுங்கள். பணம் அவள் கணக்கில் வருகிறது, பாஸ்புக்கும் ஏடிஎம் அட்டையும் அவளிடமே இருக்கட்டும். பதினெட்டு வயதில் சொந்தக் கணக்கு பார்க்காத பிள்ளை, முதல் சம்பளம் வந்ததும் தவணைக்கு செல்போன் வாங்குவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

சம்பளம் என்றதும் ஞாபகம் வருகிறது. கல்லூரிக்கே வந்து வேலைக்கு ஆள் எடுக்கும் வளாகத் தேர்வில் "சிடிசி 3.6 லட்சம்" என்பார்கள். ஒரு ஆளுக்காக நிறுவனம் வருஷத்துக்குச் செலவழிக்கும் மொத்தத் தொகை அது. பன்னிரண்டால் வகுத்து மாசம் 30,000 என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பிஎஃப் என்ற வருங்கால வைப்பு நிதி, கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை எல்லாம் அதற்குள்ளேயே அடங்கும். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் அவள் பங்காகவும் பிடிப்பார்கள். அது போய்விடுகிற பணம் இல்லை, அவளுக்கே சேரும் பணம். ஆனாலும் கைக்கு வருவது 25,000 பக்கம்தான் நிற்கலாம். அதில் 7,400 தவணை போக மிச்சத்தில் சென்னையிலோ பெங்களூரிலோ அவள் குடியிருக்க வேண்டும். கடன் தொகையை முடிவு செய்யும்போதே இதைப் போட்டுப் பாருங்கள்.

நாலு லட்சம் வரை பொதுவாக அடமானமோ வெளி ஆள் ஜாமீனோ கேட்பதில்லை. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். அதனால், வாங்கிய கடனை எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண்ணையும் வங்கி பார்க்கலாம். அது 300 முதல் 900 வரை போகும், 750க்கு மேல் இருந்தால் நல்லது. முன்னே நண்பர் ஒருவருடைய வண்டிக் கடனுக்கு ஜாமீன் போட்டதாகச் சொன்னீர்கள். அவர் தவணை தவறியிருந்தால் உங்கள் பெயரிலும் அது நிற்கும். வருஷத்துக்கு ஒரு முறை அறிக்கையை இலவசமாக வாங்கலாம், பாப்பாவின் செல்போனிலேயே எடுத்துவிடலாம்.

மச்சினன் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு, வங்கிக் கடன் நாளைக்கே கைக்கு வராது. முதல் கட்டணத்துக்குக் கெடு நெருங்கினால் மதினியின் நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்துக் கட்டுங்கள். அங்கும் ரெண்டு வட்டி ஆகாது. கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அந்தத் தொகையைக் கடனில் சேர்த்துத் தருவார்களா என்று மேலாளரிடம் கேட்கலாம்.

வியாழக்கிழமை பூ வேலை முடிந்ததும் வாருங்கள். மதிப்பெண் பட்டியல், ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரி தரும் கட்டண விவரம், உங்கள் ரெண்டு பேர் ஆதார், பான் அட்டை, வங்கி பாஸ்புக், எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். கல்விக் கடனுக்கான வித்யா லட்சுமி இணையதளத்தில் விண்ணப்பத்தைப் பாப்பாவே நிரப்பட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.