ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே

வணக்கம் ஐயா,

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, மூன்று வருடமாக லிட்டில் லீகில் பேஸ்பால் ஆடுகிறான். ஆள் சின்னவன். கோச் எல்லாப் பையன்களையும் முழு வேகத்தில் சுற்று, பந்தைத் தூக்கு என்கிறார். பந்து எத்தனை டிகிரியில் கிளம்பியது என்று ஃபோனில் காட்டுகிறார். போன சனிக்கிழமை இவன் மூன்று முறையும் ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று பந்தைக் கோட்டைவிட்டு (ஒவ்வொன்றும் ஒரு ஸ்ட்ரைக்) அவுட். காரில் ஏறியதும் அழுதுவிட்டான். "சும்மா பந்தைத் தொட்டு விடுடா, ஓடிடலாம்" என்றேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் வேறென்ன சொல்வேன்? கோச்சிடமும் சொன்னேன். சிரித்தார், இப்போதெல்லாம் முதல் பேஸ்வரை மட்டும் போகிற சிங்கிளுக்கு மதிப்பில்லை என்றார். பெரிய ஆட்டக்காரர்களே பேராசையில்தான் இப்படிச் சுற்றுகிறார்களா? ஃபீல்டர்களை ஒரே பக்கமாகக் குவிக்கக்கூடாது என்ற ஷிஃப்ட் தடையால் ஏதாவது மாறியதா? தொட்டு ஆடுகிறவனுக்கு இனி இடமே இல்லையா? கோச்சை மாற்றிவிடலாமா?

ச., நியூ ஜெர்சி

அன்புள்ள ச.,

மூன்று மாதமாகக் கிடக்கும் கடிதங்களுக்கே இன்னும் பதில் போடவில்லை, உங்களுக்கு மறுநாளே உட்கார்ந்துவிட்டேன். பையன் அழுதான் என்பதற்காக மட்டும் இல்லை. பெரிய லீகின் இறுதிக் கட்டமான 2025 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் டொராண்டோ தோற்ற இரவிலிருந்து இதே விஷயம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரிடமாவது கொட்டவேண்டும் என்றிருந்தபோது நீங்கள் வந்து மாட்டினீர்கள்.

முதலில் திட்டிவிடுகிறேன். 'சும்மா தொட்டு விடு' என்றீர்களே, அந்தச் 'சும்மா'வைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. கிரிக்கெட் மட்டை தட்டை. பேஸ்பால் பேட் உருளை, பெரிய லீகில் அதன் பருத்த பாகமே 2.61 அங்குலக் குறுக்களவைத் தாண்டக்கூடாது. உருண்டையை உருளையால் அடிக்கவேண்டும். கிரிக்கெட்டில் விளிம்பில் பட்டுப் பின்னால் ஓடினால் நான்கு ரன், கைதட்டு வேறு. இங்கே பின்னால் போனால் ஃபவுல். முன்னால் விரிகிற 90 டிகிரிக்குள்தான் பிழைப்பு. கிரிக்கெட்டில் நல்ல பந்துக்குக் கட்டை போட்டுவிட்டு நின்றுகொள்ளலாம், ஓடு என்று யாரும் துரத்துவதில்லை. இங்கே பந்து உள்ளே விழுந்துவிட்டால் ஓடியே ஆகவேண்டும். 60 அடி 6 அங்குலத்திலிருந்து மணிக்கு 95 மைலில் கிளம்பும் பந்து வந்து சேர அரை விநாடிகூட ஆவதில்லை. உங்கள் பையனுக்கு 46 அடியிலிருந்து வீசுகிறார்கள், வீசுகிறவன் இவனைவிட ஒரு தலை உயரமாக, மீசை அரும்பினவனாக இருப்பான். இதில் எங்கே இருக்கிறது சும்மா?

பேராசை என்றதை விடுங்கள், அது திண்ணைப் பேச்சு. பேட்டர்கள் கெட்டுப்போகவில்லை, பிட்சர்கள் பயங்கரமாகிவிட்டார்கள். ஒரே ஆள் ஒன்பது இன்னிங்ஸும் வீசி, கடைசியில் கை தளர்ந்து, அடிக்கத் தோதாக நான்கு பந்து போட்டுக்கொடுத்த காலம் மலையேறிவிட்டது. இப்போது ஆறாவது இன்னிங்ஸிலிருந்து புதுப்புது ஆளாக இறங்குகிறான், ஆளுக்கொரு இன்னிங்ஸ், இருக்கிற உயிரையெல்லாம் அதில் கொட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுகிறான். 2018-இல் சரித்திரத்தில் முதல்முறையாக ஒரு முழு சீசனில் ஹிட்டுகளைவிட (அடித்து பேஸைச் சேர்வது) ஸ்ட்ரைக் அவுட்டுகள் அதிகமாயின. 2022-இல் லீக் முழுமைக்குமான பேட்டிங் சராசரி, அதாவது அடிக்கப்போன முறைகளில் ஹிட் ஆன பங்கு, .243. 1968-க்குப் பிறகு அவ்வளவு கீழே போனதே இல்லை. 1968-க்கு என்ன வைத்தியம் பார்த்தார்கள் தெரியுமா? அடுத்த வருடமே பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக வெட்டிவிட்டார்கள். பேட்டருக்கு உபதேசம் பண்ணுவதைவிட மண்வெட்டி உருப்படியான காரியம்.

ஷிஃப்ட் தடை 2023-இல் வந்தது, சராசரி .248 ஆனது. கொஞ்சம் உதவியது. அவ்வளவுதான், மேலே போவோம்.

உங்கள் கோச் சொன்ன கணக்கு எனக்கு எரிச்சலாக இருக்கிறது, ஆனால் பொய்யில்லை. நான்குக்கு ஒன்றுகூட ஹிட் விழாத காலத்தில் ஒரு ரன்னுக்காக அடுத்தடுத்து மூன்று சிங்கிள் கோர்ப்பது லாட்டரிச் சீட்டு மாதிரி. மைதானத்துக்கு வெளியே அடிக்கிற ஹோம் ரன்னுக்கு அடுத்தவன் தயவு வேண்டாம். ரன் கணக்குப் பார்க்கிறவர்கள் ஒரு ஹோம் ரன்னுக்கு ஏறக்குறைய மூன்று சிங்கிள் என்று விலை போடுகிறார்கள். தொட்டு ஆடுகிற லூயிஸ் அராயெஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் மினசோட்டா, 2023-இல் மயாமி, 2024-இல் பாதியில் மாற்றப்பட்டு சான் டியாகோ. மூன்று வருடம், மூன்று சட்டை, மூன்றிலும் அதிக சராசரிக்கான பேட்டிங் பட்டம். 2024-இல் 672 முறை வந்து நின்றவர் 29 முறைதான் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். இப்படியொருத்தனைப் பூஜை அறையில் வைத்துப் பூட்டவேண்டாமா? கைமாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஹோம் ரன் இல்லை, நான்கு கெட்ட பந்தை விட்டுவிட்டு இலவசமாக முதல் பேஸுக்குப் போகிற வாக் குறைவு, ஓட்டமும் ஃபீல்டிங்கும் சுமார், எல்லாம் கூட்டிக் கழித்தால் சாதாரண ஆட்டக்காரன் என்கிறது கணக்குப்பிள்ளையின் நோட்டு.

சரி. எனக்கு வேறொரு நோட்டு தெரியும்.

1993-இல் வேலைக்காக சான் டியாகோ போனேன். அடுத்த வீட்டில் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், தனியாள். நான் தனியாக இட்லிமாவோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துப் பரிதாபப்பட்டோ என்னவோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். மிஷன் பள்ளத்தாக்கில் அப்போதிருந்த ஜாக் மர்ஃபி ஸ்டேடியம். ஊர் அணியான பாட்ரேஸ் அந்த வருடம் 101 ஆட்டங்களில் தோற்ற அணி, சம்பளம் அதிகம் என்று நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் விற்றுத் தள்ளியிருந்தார்கள். மைதானத்தில் ஈ ஓட்டலாம். பெரியவர் மடியில் ஒரு நீள நோட்டைப் பிரித்து, பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு குட்டிச் சாய்சதுரம், அதுதான் மைதானம்.

அவர்தான் எண்களைச் சொல்லிக்கொடுத்தார். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, பின்னால் நிற்கும் மூவரும் 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் பொறுக்கி முதல் பேஸுக்கு எறிந்தால் 6-3 என்று எழுதவேண்டும். ஸ்ட்ரைக் அவுட்டுக்கு வெறும் 'கே'. பேட்டையே வீசாமல் நின்றபடி அவுட்டானால் அந்தக் 'கே'யைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பிப் போடுவார். 'கே' எழுதும்போது மட்டும் கையெழுத்து சிறுத்துவிடும், வேண்டாத விருந்தாளிக்குக் காபி வைக்கிற மாதிரி.

இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், நான் இத்தனை நேரம் சுற்றி வந்தது இதற்குத்தான். 'கே' விழும்போது மைதானத்தில் என்ன நடக்கிறது? வீசினவனும் பிடித்தவனும் வேலை செய்தார்கள். மீதி ஏழு பேர் தொப்பியைச் சரிசெய்துகொள்கிறார்கள். ஹோம் ரன் விழும்போதும் அதேதான், அண்ணாந்து பார்க்கிறார்கள். பந்து மைதானத்துக்குள் விழுந்தால்தான் மற்றவர்களுக்கு அங்கே வேலை. கட்டத்துக்குள் மற்ற எண்கள் எட்டிப் பார்ப்பதும் அப்போதுதான். 6 ஓடுகிறான், 5 குறுக்கே பாய்கிறான், 3 பேஸை மிதித்துக் கையை நீட்டுகிறான், எறிதல் தவறினால் பிடிக்க 2 முகமூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு அவன் பின்னால் ஓடுகிறான். நடுவே யாராவது கோட்டைவிடலாம். புல்லில் ஒரு துள்ளல், கையுறையில் ஒரு நழுவல், அவசரத்தில் ஒரு கோணல் எறிதல். நீங்கள் கிரிக்கெட்டை இழுத்தீர்கள் என்று திட்டிவிட்டு நானே இழுக்கிறேன்: மாயவரத்தில் எங்கள் தெருவில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டு மதிலுக்கு மேல் நேராகப் போனால் அவுட், பந்தும் திரும்பி வராது. அந்த ஒரே விதியால் எங்கள் தெருவில் பத்தாவது ஆளாக இறங்குகிற பொடியனுக்கும் ஃபீல்டிங்கில் வேலை இருந்தது.

அன்று பாட்ரேஸின் டோனி குவின் இறங்கினார். இடது கை ஆட்டக்காரர், கொஞ்சம் தொப்பை, சின்ன பேட். பெரியவர் சாய்சதுரத்தில் 5-க்கும் 6-க்கும் நடுவே பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, பார் என்றார். ஐந்தரைச் சந்து. குவினே வைத்துக்கொண்ட பெயர் அது. இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. அடுத்த பந்து வெளியே விலகி வருகிறது, இவர் அசையவில்லை, விட்டுவிட்டார் போல என்று நான் நினைத்த பிறகு கை வந்தது. ஓங்கின சத்தமே இல்லை, டக் என்று ஒரு தட்டல். 5 வலப்பக்கம் காற்றில் கிடந்தான், 6 இடப்பக்கம் மண்ணில் கிடந்தான், பந்து இருவருக்கும் நடுவே கட்டிடத்துக்குள் நுழைகிற பூனை மாதிரி போனது. பெரியவர் பந்தைப் பார்க்கவில்லை. வைத்த புள்ளியைத் தாண்டிக் கோட்டை இழுத்துக்கொண்டிருந்தார்.

இருபது சீசன், ஒரே அணி, 3,141 ஹிட், மொத்தம் 434 ஸ்ட்ரைக் அவுட். 2009-இல் மார்க் ரெனால்ட்ஸ் ஒரே சீசனில் 223 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார், அந்த வேகத்தில் குவினின் வாழ்நாள் கணக்கை இரண்டே வருடத்தில் தாண்டிவிடலாம். கிரெக் மேடக்ஸ் என்ற மாபெரும் பிட்சரை 107 முறை எதிர்கொண்டு ஒரு தடவைகூட ஸ்ட்ரைக் அவுட் ஆனதில்லை. இதெல்லாம் வரம் என்று நினைக்காதீர்கள். 1983-இல் ஆட்டம் கைகொடுக்காதபோது மனைவியிடம் வீட்டு டிவியில் ஆட்டங்களைப் பதிவுசெய்யச் சொல்லி, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க ஆரம்பித்த மனிதர் அவர். உள்ளே வருகிற பந்தை இழுத்து அடிக்கவேண்டும் என்று பழைய ஜாம்பவான் டெட் வில்லியம்ஸ் அவரை விடாமல் நச்சரித்தார், அதையும் கற்றுக்கொண்டார். 1997-இல், 37 வயதில், .372 சராசரியோடு 17 ஹோம் ரன். (2014-இல் 54 வயதில் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயில் போனார். மென்ற புகையிலைதான் காரணம் என்று அவரே சொன்னார். உங்கள் பையன் டக்அவுட்டில் சூரியகாந்தி விதை மென்றால் மெல்லட்டும், ஒன்றும் சொல்லாதீர்கள்.)

1994-இல் அவர் 419-க்கு 165 ஹிட், .394. இன்னும் மூன்றே ஹிட் விழுந்திருந்தால் .400. டெட் வில்லியம்ஸ் 1941-இல் .406 எடுத்த பிறகு யாரும் தொடாத இடம். ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம், சீசன் அதோடு சரி, உலகத் தொடரே நடக்கவில்லை. பாட்ரேஸ் அன்று 47 வெற்றி, 70 தோல்வியோடு கடைசி இடத்தில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்கள் கோச் சொல்லுவார். பெரியவர் ஒரு மாதம் காத்திருந்துவிட்டு, நோட்டின் மிச்சப் பக்கங்களில் மளிகைச் சாமான் பட்டியல் எழுத ஆரம்பித்தார். சாய்சதுரத்துக்குள் 'முட்டை' என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டையை அடைத்தது.

நானும் அன்றிலிருந்து எழுதுகிறேன். டொராண்டோ இரவிலும் எழுதினேன். 2025-இல் எல்லா அணிகளையும்விடக் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆன அணி அது. அதன் எர்னி கிளெமென்ட் அந்த பிளே ஆஃப்களில் 30 ஹிட், அது ஒரு சாதனை. எனக்கென்றே தைத்த சட்டை மாதிரியான அணி. ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் இரண்டு அவுட் எடுத்தால் கோப்பை என்ற இடத்தில் எதிரணி டாட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். பதினொன்றாவதில் வில் ஸ்மித் இன்னொன்று. டாட்ஜர்ஸ் 5, டொராண்டோ 4. கடைசிப் பாதியில் டொராண்டோவின் குவெரேரோ இரண்டாம் பேஸ்வரை அடித்தார், மெல்லத் தட்டிய பண்ட் ஒன்றில் மூன்றுக்குப் போனார், அடுத்தவர் வாக். ஒரு அவுட்தான். அலெஹாண்ட்ரோ கிர்க் வந்தார். பந்தைத் தொட்டார். பேட் உடைந்தது, பந்து நேராக ஷார்ட்ஸ்டாப் மூக்கி பெட்ஸிடம் உருண்டது. அவர் இரண்டாம் பேஸை மிதித்து முதல் பேஸுக்கு எறிந்தார், முடிந்தது. 6-3, ஒரே அடியில் இரண்டு அவுட், முன்னதோடு சேர்த்து மூன்று, இன்னிங்ஸ் காலி.

கிர்க் அங்கே ஸ்ட்ரைக் அவுட் ஆகியிருந்தால் இன்னொரு ஆள் அடிக்க வந்திருப்பான்! பந்தைத் தொட்டதால் தோற்றார்கள். முப்பது வருடமாக நான் பேசிவந்ததற்குக் கன்னத்தில் ஒரு அறை. பென்சிலை வீசிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை, எழுந்து வந்து அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்ஸ் வலது மூலையில் ஆடிக்கொண்டிருந்தவர், முப்பதைத் தாண்டிய பிறகு ஷார்ட்ஸ்டாப் வேலையைக் கற்றுக்கொண்டவர். அந்த 6 அவருடைய 6. என் வயிற்றெரிச்சலையும் மீறி, அந்த நோட்டிலேயே நிறைந்த கட்டம் அதுதான்.

உங்கள் கேள்வி எங்கேயோ போய்விட்டது. கோச்சை மாற்றலாமா என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமைக் காலையைக் காசு வாங்காமல் ஊரார் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மனுஷனிடம் போய் ஆட்டம் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள், அவர் சிரித்ததோடு விட்டாரே. பன்னிரண்டு வயதில் ஓங்கிச் சுற்றாமல் எப்போது சுற்றுவான்? இரண்டு ஸ்ட்ரைக் வரை கோச் சொன்னபடி ஆடட்டும். அப்புறம் பிடியை ஓர் அங்குலம் மேலே ஏற்றிக்கொண்டு ஆடிப் பார்க்கட்டும், பிடித்தால் வைத்துக்கொள்வான். காரில் ஏறியதும் ஆட்டப் பேச்சை எடுக்காதீர்கள், வழியில் ஏதாவது வாங்கிக் கொடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை ஃபோனைக் காரிலேயே விட்டுவிட்டு ஒரு ஸ்கோர் நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். எழுதுகிற கை வேலையாக இருந்தால் வாய் சும்மா இருக்கும். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், 'கே'க்களோடுதான். அவன் இடது கையா வலது கையா என்று சொல்லவே இல்லையே நீங்கள்?