குழி மாடலில் நிற்கவில்லையா? உள்ளகத்தைப் பாருங்கள்

வணக்கம். உங்கள் பலகைக்கு இரு பக்கமும் கார்பன் இழைத் தோல், நடுவே நோமெக்ஸ் (அராமிட் இழைத் தாள்) தேன்கூட்டு உள்ளகம். எடையை விழவிட்ட சோதனையின் உச்ச விசை எல்எஸ்-டைனா என்ற மோதல் கணிப்பு மென்பொருளில் செய்த மாடலோடு ஒத்துப்போகிறது, ஆனால் பலகையில் நிற்கும் குழி மாடலில் நிமிர்ந்துவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

உள்ளகத்தை வெறும் மீள்பொருளாக (விசை போனதும் பழைய வடிவுக்கே திரும்புவதாக) மாடலில் கொடுத்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். சோதித்த பலகை ஒன்றைக் குழியின் நடுவே அறுத்துப் பாருங்கள். தோலில் கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். அடியில் அறைச்சுவர்கள் கசங்கிய பழுப்புத் தாள் போல மடிந்து கிடக்கும். அந்தச் சுவர் உச்ச விசைவரை தாங்கி, சட்டென்று சரிந்து, பிறகு ஏறக்குறைய ஒரே தகைவில் (பரப்பளவுக்கான விசையில்) மடிப்பு மடிப்பாக நசுங்கும். இடம் தீர்ந்ததும் மறுபடி இறுகும். நசுங்கியது முழுதாக நிமிராது, தோலையும் கீழே பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஏஎஸ்டிஎம் சி365 என்ற உள்ளக அழுத்தச் சோதனை முறையில் உள்ளகத் துண்டை அழுத்துங்கள். வழக்கமாக உச்சம் வந்ததும் நிறுத்திவிடுவார்கள். நீங்கள் இறுகும்வரை போய் முழு தகைவு-திரிபு வளைவையும் எடுத்து, எல்எஸ்-டைனாவில் தேன்கூட்டுக்கான பொருள் மாதிரியான மேட் 126-இல் கொடுங்கள். தோலுக்கும் உள்ளகத்துக்கும் நடுவே பசை பிரிவதற்கும் இடம் விடுங்கள்.

அப்புறம், குழியை எப்போது அளந்தீர்கள்? நாளாக ஆகக் கொஞ்சம் மேலெழும். அடி விழுந்த உடனே அளந்ததையே மாடலோடு ஒப்பிடுங்கள். வளைவு கிடைத்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.