பிரிக்கலாம், வெட்ட வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய உடைகள் மீது எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. விடுமுறை என்றால் பழைய பொருள் சந்தையில்தான் இருப்பேன். போன மாதம் ஒரு வெளிர்நீலக் கவுன் கிடைத்தது. பக்கவாட்டில் உலோக ஜிப், முழங்கை வரை கை, இடுப்பில் கொசுவம். எழுபது வருடப் பழசு என்றார் விற்றவர். துணி லினன் என்று நினைக்கிறேன். கூடவே ஒரு பழைய ஜீன்ஸும், ஒரு மரப்பெட்டி நிறையப் பட்டன்களும் வாங்கினேன். வெயில் காலம் வருவதால் கவுனின் கைகளை வெட்டிவிட்டு, நீளத்தையும் முழங்காலுக்கு ஏற்றலாம், ஜீன்ஸை அரைக்கால் ஆக்கலாம் என்று திட்டம். படத்தைப் பார்த்த தோழி 'இது கொலை' என்கிறாள். அக்காவோ, 'யாரோ போட்டதை எதற்குத் தூக்கிக்கொண்டு வருகிறாய்' என்கிறாள். இது உண்மையிலேயே அவ்வளவு பழசா? வெட்டலாமா, கூடாதா?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

அக்காவுக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம், அது சுலபம். ஓட்டல் அறையில் நாம் போர்த்திக்கொள்ளும் போர்வையும் யாரோ போர்த்தியதுதான். துவைத்தால் தீர்ந்தது. ஆனால் இந்தக் கவுனைத் துவைப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

விற்பவர் சொல்லும் வயதை நான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவேன். அவர் பொய் சொல்கிறார் என்று இல்லை. அவருக்கு விற்றவர் சொன்னதை அவர் நமக்குச் சொல்கிறார், அவ்வளவுதான். உடையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டால் அதுவே ஓரளவு பேசும். உங்கள் ஜிப்பையே எடுத்துக்கொள்வோம். இன்று நாம் பயன்படுத்தும் ஜிப்பின் அமைப்பை கிடியன் சண்ட்பேக் என்ற பொறியாளர் 1913இல் உருவாக்கி, 1917இல் காப்புரிமை பெற்றார். 'ஜிப்பர்' என்ற பெயர் 1923இல் ஒரு ரப்பர் காலணிக்கு வைத்த பெயர்! பெண்களின் கவுனில் அது பரவலாக ஏறியது 1930களின் பிற்பகுதியில்தான். அப்போதெல்லாம் இடுப்பின் பக்கவாட்டில் வைப்பார்கள். 1950களில் மெல்ல முதுகுக்கு நகர்ந்தது. 1960களில் உலோகப் பற்களின் இடத்தை நைலான் சுருள் பிடிக்கத் தொடங்கியது.

ஆக, பக்கவாட்டில் உலோக ஜிப் என்றதுமே நாற்பதுகள், ஐம்பதுகள் என்று தோன்றும். உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய ஜிப் கெட்டுப்போய் யாராவது மாற்றியிருக்கலாம். வீட்டில் தைத்தவர் என்றால், எங்கோ கழற்றி வைத்த ஜிப்பை இருபது வருடம் கழித்து எடுத்து வைத்திருக்கலாம். ஜிப்பைத் தைத்த நூலும் பக்கத் தையலின் நூலும் ஒன்றுதானா, அருகே காலியான ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். பிறகு, உள்ளே துவைக்கும் முறை அச்சிட்ட துண்டு ஏதாவது தைத்திருக்கிறதா? அமெரிக்காவில் அப்படிக் கழன்றுபோகாத குறிப்பு கட்டாயமானது 1972இல். கம்பளி உடைகளில் காணும் நூல்கண்டு போன்ற 'வுல்மார்க்' முத்திரை பிறந்தது 1964இல். தைத்த நாளிலிருந்தே ஒட்டியிருக்கும் பாகங்களில் எது கடைசியாகப் பிறந்ததோ, அதைவிட உடை மூத்ததாக இருக்க முடியாது. இந்த ஒரு கணக்கு போதும், பாதிக் கதைகள் உதிர்ந்துவிடும்.

ஓரத்தில் ஓவர்லாக் தையல் இருந்தால் புதுசு என்று பலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஓவர்லாக் இயந்திரம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. லேபிளில் உள்ள அளவு எண்ணையும் நம்ப வேண்டாம். எண்களின் பொருள் பத்தாண்டுக்குப் பத்தாண்டு மாறியிருக்கிறது, பழைய 12 இன்றைய 12 கிடையாது. சந்தைக்குப் போகும்போது, உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு உடையின் அக்குளுக்கு அக்குள் அளவை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கூடவே ஒரு டேப், ஒரு சின்ன டார்ச், ஒரு காந்தம். பித்தளை என்று சொல்லி விற்கும் விளக்கும் கைப்பிடியும் காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு.

இப்போது துணி. லினனா என்று கேட்கிறீர்கள். உள்பக்கத் தையல் விளிம்பிலிருந்து ஒரே ஒரு இழையை உருவி, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் பிடித்து எரித்துப் பாருங்கள். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் அடிக்கும். பருத்தியும் லினனும் காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். இதில் ஒரு வில்லங்கம், மரக்கூழிலிருந்து செய்யும் ரேயானும் அப்படியேதான் எரியும். துவைப்பதில் ஆபத்து என்றேனே, அது இங்கேதான். பழைய ரேயான் துணி, அதிலும் கிரேப், தண்ணீர் பட்டதும் சுருண்டுகொள்ளும். முறுக்கேற்றிய இழைகள் அவை, ஈரம் பட்டால் முறுக்கு தன் குணத்தைக் காட்டிவிடும்.

நான் பட்ட பாடு இது. ஆசையாக வாங்கிய ஒரு கருநீலக் கிரேப் கவுன். குளிர்ந்த தண்ணீர்தானே என்று வாளியில் முக்கிவிட்டுக் காபி போடப் போனேன். திரும்பி வந்து தூக்கினால் பத்து வயதுக் குழந்தைக்கு ஆகும் அளவில் இருந்தது. நீராவி இஸ்திரி வைத்து இழுத்து இழுத்துப் பாதி மீட்டேன், மீதி போனது போனதுதான். அதனால் கீழ்மடிப்பின் உள்ளே, வெளியே தெரியாத இடத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து ஆறவிடுங்கள். சுருங்கவில்லை, சாயமும் ஒழுகவில்லை என்றால் முழுதாக நனைக்கலாம்.

சரி, தோழியின் 'கொலை'க்கு வருவோம். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் உடைகளை வெட்டி மாற்றுவது இன்று வந்த வழக்கம் இல்லை. துணி விலை அதிகமாகவும் தையல்கூலி குறைவாகவும் இருந்த காலத்தில் ஒரே பட்டு மூன்று தலைமுறைக்கு மூன்று உடையாக இருந்திருக்கிறது. அருங்காட்சியகங்களில் உள்ள 18ஆம் நூற்றாண்டுக் கவுன்கள் பலவற்றில் அப்படிப் பிரித்துத் தைத்த தடங்கள் இருக்கின்றன. பிரிட்டனில் 1941 ஜூனிலிருந்து 1949 வரை உடைக்கு ரேஷன். கிழிந்ததைத் தை, பழையதை மாற்று என்று அரசாங்கமே பிரசாரம் செய்தது. 1930களின் நெருக்கடியில் அமெரிக்கக் கிராமத்துப் பெண்கள் மாவு மூட்டைத் துணியில் கவுன் தைத்தார்கள். அது தெரிந்ததும் மாவு நிறுவனங்கள் பூப்போட்ட சாக்கில் மாவு விற்க ஆரம்பித்தன. பெண்கள் மாவை விட்டுவிட்டுப் பூவைப் பார்த்து மூட்டை வாங்கியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இவர்கள் யாரும் கத்தரியை எடுத்த எடுப்பில் போடவில்லை. முதலில் தையலைப் பிரித்தார்கள். உங்களிடமும் நான் சொல்வது அதுதான். வெட்டினால் கை போய்விட்டது. பிரித்தால் கை பெட்டியில் இருக்கிறது, வேண்டுமானால் அடுத்த குளிர்காலத்தில் திரும்ப வைத்துத் தைக்கலாம். கவுனை உங்களுக்குப் பிறகு யாராவது போடக்கூடும், அவரிடம் முழுதாகவே போய்ச்சேரும்.

செய்முறை இப்படி. தையல் பிரிக்கும் ஊசியால் உள்பக்கம் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே வாருங்கள். அப்புறம் மறுபக்கத்து நூலை இழுத்தால் நீளமாக வந்துவிடும். கை கழன்றதும் அக்குள் சுற்று விரிந்துகொடுக்கும், அதனால் உடனே விளிம்பை ஒட்டி ஒரு ஓட்டுத் தையல் போட்டுப் பிடித்துவிடுங்கள். கையோடு இருப்பதற்காக வெட்டிய அக்குள் சுற்று, கையில்லாமல் போட்டால் தொளதொளவென்று திறந்து நிற்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, கண்ணாடி முன் நிற்கும்போதுதான் தெரியும். பக்கத் தையலின் மேல்பகுதியை மட்டும் கொஞ்சம் உள்ளே பிடித்தால் சரியாகிவிடும். பிறகு மெல்லிய பருத்தியில் குறுக்காக வெட்டிய பட்டி, நம் தையல்காரர்கள் சொல்லும் கிராஸ் பீஸ், வைத்து ஓரம் கட்டுங்கள். நூல் பருத்தி நூலாகவே இருக்கட்டும். பழைய துணியில் உறுதியான பாலியெஸ்டர் நூல் போட்டால், இழுபடும்போது நூல் நிற்கும், துணி கிழியும். நூல் அறுந்தால் திரும்பத் தைத்துக்கொள்ளலாம்.

நீளத்தைக் குறைக்க மடித்து உள்ளே கையால் ஹெம்மிங் செய்தால் போதும். அந்தக் காலத்துக் கவுன்களில் கீழ்மடிப்பு இரண்டு மூன்று அங்குலம் அகலமாக இருக்கும். வளரும் பெண்ணுக்கும் மாறும் நாகரிகத்துக்கும் என்று தைத்தவரே விட்டுவைத்த துணி அது, அதை வெட்டி எறிய மனம் வராது எனக்கு.

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கவுன் முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை தெரிகிறது, அக்குள் மட்கிவிட்டது என்றால் விஷயம் வேறு. அப்போது தயங்காமல் வெட்டுங்கள், நல்ல பகுதியில் ஒரு பாவாடையோ தலைக்கட்டுத் துணியோ கிடைக்கும். ஆனால் பழைய பட்டு மடிப்பு மடிப்பாகத் தானே கீறிக்கொண்டிருந்தால் கிட்டே போகாதீர்கள். கனம் கூட்டுவதற்காக அந்தக் காலத்தில் பட்டை வெள்ளீய உப்புகளில் ஊறவைப்பார்கள், அந்த உப்பு இழையை உள்ளிருந்தே தின்றுவிடும். எந்தத் தையலும் அதைக் காப்பாற்றாது.

வெயில் காலத்துக்கு என்று தேடும்போது அழகைவிட இழையைப் பாருங்கள். 1970களின் பாலியெஸ்டர் கவுன்கள் கண்ணைப் பறிக்கும், சாயமும் மங்காது. ஆனால் வேர்வையை உறிஞ்சாது, அரை மணி நேரத்தில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டது போல இருக்கும். லினன், மெல்லிய பருத்தி, அப்புறம் சீர்சக்கர். கடைசியில் சொன்னது எனக்குச் செல்லம். பட்டை பட்டையாகச் சுருங்கிய பருத்தி, சுருக்கம் துணியைத் தோலில் ஒட்டவிடாது, இடையில் காற்று போகும். 'ஷீர் ஓ ஷக்கர்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர், பாலும் சர்க்கரையும் என்று பொருள். வழவழப்பான பட்டை பால், சொரசொரப்பான பட்டை சர்க்கரை. இஸ்திரி போடத் தேவையே இல்லை என்பது கூடுதல் சந்தோஷம்.

பழைய உடைக்குச் சாயம் போட நினைத்தால் ஒன்று ஞாபகம் வையுங்கள். பருத்தி சாயத்தைக் குடிக்கும், பாலியெஸ்டர் தையல் நூல் குடிக்காது. நான் ஒரு வெள்ளைச் சட்டையைக் கருநீலமாக்கப் போய், எல்லாத் தையலும் வெள்ளைக் கோடாகப் பளிச்சென்று நின்றது. வேண்டுமென்றே செய்தது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

ஜீன்ஸில் எனக்குப் பெரிய தயக்கம் இல்லை, ஒரு பரிசோதனை மட்டும். லீவைஸ் என்றால் பின்பாக்கெட்டில் உள்ள சிவப்புத் துண்டைப் பாருங்கள். பெயரில் வரும் 'ஈ' ஆங்கிலப் பெரிய எழுத்தாக (e இல்லை, E) இருந்தால் பெரும்பாலும் 1971க்கு முந்தையது. அதைச் சேகரிப்பவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள், வெட்டாமல் கேட்பவரிடம் கொடுத்து, வந்த காசில் பத்து ஜீன்ஸ் வாங்கி வெட்டுங்கள். இல்லையென்றால், போட்டுக்கொண்டு நின்று சாக்பீஸால் குறித்து, குறித்ததைவிட இரண்டு அங்குலம் கீழே வெட்டுங்கள். பின்பக்கம் இன்னும் கொஞ்சம் தாழ்வாக, உட்கார்ந்தால் அதுதான் மேலே ஏறும். பிசிறு எதுவரை வேண்டுமோ அங்கே ஒரு சுற்றுத் தையல்.

கடைசியாக அந்தப் பட்டன் பெட்டி. உண்மையைச் சொன்னால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பொறாமை வந்த இடம் அதுதான். ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருப்பவை சிப்பியோ கண்ணாடியோ. கனமாக, மஞ்சளும் பழுப்புமாக இருப்பவற்றைச் சுடுதண்ணீர்க் குழாயில் காட்டி முகர்ந்தால் ஃபினாயில் போல ஒரு வாடை வருகிறதா? பேக்லைட்டாக இருக்கலாம், லியோ பேக்லேண்ட் 1907இல் கண்டுபிடித்த பிளாஸ்டிக். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்ட். சிலர் சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம். செல்லுலாய்ட் சட்டென்று தீப்பிடிக்கும். அதைத் தனியாக, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மரப்பெட்டிக்கு வார்னிஷ் எதுவும் அடிக்காதீர்கள், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

கைகளைப் பிரித்தபின் ஒரு படம் அனுப்புங்கள். அப்படியே அந்த ஜிப்பின் இழுப்பானில் ஏதாவது பெயர் பொறித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள். அந்தப் பெயர் கிடைத்தால், விற்றவர் சொன்ன எழுபதை இன்னொரு முறை கணக்குப் போடலாம்.

அன்புடன்